மடக்கு போனும் அழைப்பு மணியும்: காவிரிப் படுகையிலிருந்து ஓர் ஒலி வரலாறு

காவிரிப் படுகையில் கைபேசி பரவிய முதல் பத்தாண்டுகளில், ஒரு செட் நல்லதா இல்லையா என்பதை முடிவு செய்ததில் மணிச்சத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வரப்பில் வைத்த போன் நடுவயலில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும். இந்த எளிய தேவையைக் கைபேசியின் ஒலிபெருக்கி எந்த அளவுக்கு நிறைவேற்றியது, மடக்கு போன் அதில் எங்கே தடுமாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பழைய மணி. 1948இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தொலைபேசித் தொழிலகம் செய்த கறுப்புப் போனுக்குள் இரண்டு உலோகக் கிண்ணங்களும் நடுவே ஒரு சுத்தியும் இருந்தன. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்னோட்டம் வந்து சுத்தியை ஆட்டும். மணிக்கான சக்தி முழுவதும் எக்ஸ்சேஞ்சே தந்ததால் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மிராசுதார் வீட்டுக் கூடத்திலோ ரைஸ்மில் கணக்கறையிலோ அடித்த மணி தெரு வரை கேட்டது.

கைபேசிக்கு அந்த வசதி இல்லை. 3.6 வோல்ட் பேட்டரிதான் பேசவும் வேண்டும், அலைபரப்பவும் வேண்டும், மணியும் அடிக்க வேண்டும். பொறியாளர்கள் மனிதச் செவியின் இயல்பைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் மிகக் கூர்மையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதைச் சொல்கின்றன. சின்னஞ்சிறு பஸ்ஸரை அந்த எல்லைக்குள் அதிரச் செய்தால் கொஞ்சம் மின்சாரத்திலேயே காதைத் துளைக்கும் கீச்சொலி கிடைக்கும். தொடக்ககாலக் கைபேசிகள் எல்லாம் ஒற்றைச் சுரத்தில் கீச்சிட்டதன் காரணம் இதுதான்.

திறந்தவெளி ஒலி பற்றிய இந்த அறிவு படுகைக்குப் புதிதன்று. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்தில், திமிரி என்ற குட்டை வகை உச்ச சுருதியில் வீதியைப் பிளந்துகொண்டு போகும். ஒலிபெருக்கி பரவிய அதே தலைமுறையில்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை நிலைநாட்டினார். கைபேசியும் இதே வரிசையில்தான் நடந்தது: முதலில் கீச்சொலி, பெருக்கும் வசதி வந்தபின் இசை.

மடக்கு போனின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. மோட்டோரோலா 1996இல் வெளியிட்ட ஸ்டார்டாக் 88 கிராம்தான். அதை மூடிவிட்டால் காதில் வைத்துக் கேட்கும் ஒலிப்பான் இரு மடிப்புகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும். அதனால் மணிக்கென்று வெளிப்பக்கம் திறக்கும் இன்னோர் ஒலிப்பான் தேவைப்பட்டது. பிற்காலத்தில் ஒரே கருவி ஒரு முகத்தால் காதுக்கும் மறு முகத்தால் வெளிக்கும் ஒலிக்கும்படியும் செய்தார்கள். காதருகே திடீரென்று மணி அலறிவிடக் கூடாது என்பதற்காக, மடிப்பு திறந்ததைக் காந்தமும் உணரியும் கண்டுகொண்டு மணியை அடக்கின.

1999 முதல் யமஹாவின் இசைச் சில்லுகள் வரத் தொடங்கின. அவற்றுள் எம்.ஏ.-3 ஒரே நேரத்தில் 40 சுரங்களை எழுப்பக்கூடியது. சில்லு வளர்ந்த வேகத்தில் ஒலிபெருக்கி வளரவில்லை. ஒலித்தகட்டின் பின்னால் அடைபட்ட காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அதன் இயல்பு அதிர்வெண் ஏறும், கீழ்ச்சுரங்கள் கரைந்துபோகும். அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்குத் தகடு நான்கு மடங்கு அசைய வேண்டும். 2004இல் வந்த ரேசர் வி3 மடக்கு போன் மூடிய நிலையில் 13.9 மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் இரண்டு தளங்கள். காற்றுக்கு இடம் ஏது?

படுகையில் மணிச்சத்தத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. 2002 டிசம்பர் 28இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சேவை தொடங்கியது. மறு ஆண்டு ஜூலையில் 501 ரூபாய் கட்டிக் கைபேசி பெறும் திட்டம் வந்தது. வரும் அழைப்புக்குக் கட்டணமும் 2003இல் நீங்கியது. ஆனால் கூப்பிட்டுப் பேசக் காசு வேண்டும். மணி மட்டும் அடித்து நிறுத்தினால் செலவே இல்லை. ஒரு மிஸ்டு கால் என்றால் கரண்ட் வந்துவிட்டது, மோட்டாரைப் போடு. இரண்டு என்றால் சாப்பாடு எடுத்து வா. இப்படி வீட்டுக்கு வீடு தங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அங்கே மணியே செய்தி. கேட்காத மணி, சேராத செய்தி.

எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். பத்து சென்டிமீட்டரில் 90 டெசிபெல் தரும் போனை வரப்பில் வைத்ததாகக் கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஒரு மா, அதாவது 33 சென்ட், சதுர வயலின் நடுவுக்கு ஏறத்தாழ 18 மீட்டர். அங்கே 45 டெசிபெல் சேரும். சந்தடி இல்லாத வேளையில் காதில் விழும். இருபது மா கொண்ட ஒரு வேலியின் நடுவுக்கு 80 மீட்டருக்கு மேல். அங்கே 32 டெசிபெல்தான். டிராக்டரும் காற்றும் நடவுப் பெண்களின் பேச்சும் அதை விழுங்கிவிடும். மழைக்காகப் பாலிதீன் பையில் சுற்றி, சாப்பாட்டுக் கூடைக்குள் செருகிய போனுக்கு அந்த 32கூடக் கிடையாது.

கட்டமைப்பிலும் மடக்கு போன் வயலுக்கு ஒத்துவரவில்லை. மேல்மடிப்பிலுள்ள ஒலிப்பானுக்கு மின்சாரம் கீலுக்குள் வளைந்து போகும் மெல்லிய பட்டைக் கம்பி வழியாகத்தான் போகிறது. திறந்து மூடித் திறந்து மூடி அது அறுந்தால் மணி ஊமையாகும். களத்துப் புழுதியும் நெல் சுணையும் ஒலித்துளையின் வலையை அடைத்துக்கொள்ளும். செல் சர்வீஸ் கடையில் டூத்பிரஷ்ஷால் தின்னர் தொட்டுத் துடைத்துத் தருவார்கள். 2003இல் வந்த நோக்கியா 1100இல் கீலே இல்லை. பட்டன்களின் மேல் தூசி புகாத உறை, தலையில் டார்ச். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அந்த செட், மடை பார்க்க இருட்டில் போகிறவருக்கென்றே செய்தது போலிருந்தது.

அடுத்து வந்தது சைனா செட். தைவானின் மீடியாடெக் சில்லைக் கொண்டு கட்டிய இந்தப் போன்கள் மெலிவைப் பற்றிக் கவலைப்படவில்லை. பருத்த உடல், முதுகில் வரிசையாக ஒலித்துளைகள், இரண்டு சிம். தடிமன் தந்த காற்றறையே சத்தத்தின் ரகசியம். ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத செட்டுகளுக்கு 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது. இருந்தும் அந்த ஓங்கிய ஒலி மீதான விருப்பம் போகவில்லை. பின்னால் வந்த இந்தியப் பிராண்டுகளின் பட்டன் போன்கள் பெரிய ஸ்பீக்கரை விடாமல் வைத்துக்கொண்டன. நகரத்தார் இதைக் கூச்சல் என்று முகம் சுளித்தார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. வயலின் அளவுக்கு மணியின் அளவு, அவ்வளவுதான்.

மடக்கு போன் இப்போது முதியவர்களை நோக்கித் திரும்பி வந்திருக்கிறது. 2022இல் இந்தியாவுக்கு வந்த நோக்கியா 2660 ஃப்ளிப், காது கேட்கும் கருவியோடு இணங்கும்படி செய்யப்பட்டது. ஆனால் அதன் மணி எத்தனை மீட்டர் கேட்கும் என்பதை வாங்குபவர் கடையில் நின்று ஒலிக்கவிட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் முதல் கதிர்வீச்சுக்குக் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பை விதித்து, அந்த அளவைக் கைபேசியில் காட்டச் சொன்னது அரசு. அதே போல, குறிப்பிட்ட தூரத்தில் மணி எத்தனை டெசிபெல் என்பதையும் பெட்டியில் அச்சிடத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டும்.