ஹிட்லர் காலத்து ஹெல்மெட்டா, பிற்பாடு வந்த 'டூப்'பா? அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால், ஜெர்மன் ராணுவத்தின் ஹெல்மெட், பெல்ட், சட்டை, பதக்கம் போன்றவற்றுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் பெரிய சந்தை இருக்கிறது. வரலாற்று ஆர்வலர்கள், மியூசியங்கள், சினிமா கம்பெனிகள், பழைய போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்கள் எனப் பலரும் வாங்குகிறார்கள். நாஜி மோகத்தில் வாங்குகிறவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் அதிகம், அசல் சரக்கோ கொஞ்சம். அப்புறம் என்ன, போலிகள் கொட்டிக் கிடக்கின்றன.

ஆனால், அசல் மாதிரியே இருப்பதெல்லாம் மோசடிக்காகச் செய்த போலி இல்லை. போருக்குப் பிறகு பல நாட்டு ராணுவங்கள் ஜெர்மன் டிசைனை ஒட்டியே தங்கள் சாமான்களைச் செய்துகொண்டன. அவை அந்தந்த நாட்டின் நேர்மையான பொருள்கள். விற்கிறவர் அதற்குப் 'போர்க்கால ஜெர்மன்' என்று பெயர் வைக்கும்போதுதான் சிக்கல்.

ஒரே ஜாடை, வேற குடும்பம்

காதையும் பிடரியையும் மூடிக்கொண்டு இறங்கும் அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் 'ஜெர்மன்' என்று சொல்லிவிடுவோம். அவசரப்படாதீங்க. ஸ்பெயின் ராணுவமும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் 'இஸட்' மாடல் ஹெல்மெட்டைப் பல வருஷம் பயன்படுத்தியது. அதன் நெற்றிப்பக்கத்தில் சின்னம் மாட்டுவதற்கு ஒரு சிறிய உலோகப் பட்டை இருக்கும். ஜெர்மன் ஹெல்மெட்டில் அது கிடையாது. பட்டையை அறுத்துவிட்டு, பெயின்ட் பூசி விற்பதும் நடக்கிறது. அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஹங்கேரியின் 1938 மாடலிலோ பின்பக்கம், பிடரிக்கு மேலே, ரிவிட் அடித்த சதுர வளையம் இருக்கும்.

ஸ்பெயின் பற்றி இன்னொரு தகவல். 'பேட்டன்' படத்தின் பெரும்பகுதி ஸ்பெயினில்தான் எடுக்கப்பட்டது. 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் ஜெர்மன் விமானங்களாகப் பறந்ததும் ஸ்பெயினில் தயாரான ஹைங்கல், மெஸ்ஸர்ஷ்மிட் வகைகள்தான். சினிமா பார்த்துப் பழகிய கண்ணை நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நார்வே கதை வேறு மாதிரி. 1945-ல் ஜெர்மனி சரணடைந்தபோது அந்த நாட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஹெல்மெட்டுகளை நார்வே வீணாக்கவில்லை. பெயின்ட் அடித்து, உள்ளுறையை மாற்றித் தன் ஆட்களுக்கே கொடுத்தது. அப்படி ஒன்று கிடைத்தால் ஓடு அசல், மற்றதெல்லாம் பிற்பாடு வந்தது. கொடுக்கும் விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

1956-ல் உருவான கிழக்கு ஜெர்மனியின் 'தேசிய மக்கள் ராணுவம்' பழைய பாணி வெட்டிலேயே சாம்பல் நிறச் சீருடை தைத்துக்கொண்டது. இது குவியல் குவியலாகக் கிடைப்பதால், சின்னங்களைப் பிய்த்துவிட்டு 'ஹிட்லர் காலத்து சட்டை' ஆக்குகிறவர்கள் உண்டு. சட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். போர்க்கால ராணுவச் சட்டையின் லைனிங்கில் கழுத்து, மார்பு, கை நீளம் என ஐந்து அளவு எண்கள் முத்திரையாக இருக்கும். கூடவே கிடங்கின் எழுத்தும் வருடமும் வரும். 'பி 40' என்றால் பெர்லின், 1940. 'எம்' என்றால் மியூனிக். கிழக்கு ஜெர்மன் சட்டையில் இந்த ஐந்து எண்கள் இருக்காது. 'எம் 48' என்பதுபோல ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். அந்த 'எம்' மியூனிக் இல்லை, 'மீடியம்' என்று நாம் சொல்கிறோமே அதுபோல நடுத்தர உயரத்தைக் குறிப்பது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓடு நிஜம், சின்னம் பொய்

உண்மையில் ஆபத்தானது முழுப் போலி இல்லை. பாதி அசல்தான். நிஜமான போர்க்கால ஹெல்மெட்டை வாங்கி, அதில் புதிதாக ஒரு சின்னத்தை ஒட்டினால் விலை பல மடங்கு எகிறும். எஸ்.எஸ். படைச் சின்னம் என்றால் கேட்கவே வேண்டாம். சந்தையில் அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான்.

இங்கே கை கொடுப்பது தேதிகள். 1935 மாடலில் காற்றுத் துளையில் தனியாக ஒரு சிறிய உலோக வளையம் பொருத்தியிருக்கும். 1940 மாடலில் வேலையைக் குறைக்க, துளையைத் தகட்டிலேயே அழுத்தி எடுத்துவிட்டார்கள். 1942-ல் விளிம்பை உள்பக்கமாக மடிப்பதையும் கைவிட்டார்கள். வெட்டிய விளிம்பு அப்படியே வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். போர் நீள நீள, செலவைக் குறைத்த கதை அந்த விளிம்பிலேயே தெரியும். இப்போது சின்னத்துக்கு வருவோம். ராணுவ ஹெல்மெட்டின் ஒரு பக்கத்தில் இருந்த கறுப்பு-வெள்ளை-சிவப்பு கேடயச் சின்னத்தை நீக்கச் சொல்லி 1940-லேயே உத்தரவு வந்துவிட்டது. கழுகுச் சின்னத்தை 1943-ல் நிறுத்தினார்கள். ஆக, 1942 மாடல் ராணுவ ஹெல்மெட்டில் மூவர்ணக் கேடயம் பளபளத்தால், விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

ஹெல்மெட்டின் உள்ளே, பக்கவாட்டு ஓரத்தில் தயாரிப்பாளர் குறியும் அளவு எண்ணும் குத்தியிருக்கும். 'இ.டி' என்றால் தாலே ஊர் தொழிற்சாலை, 'க்யூ' என்றால் எஸ்லிங்கன் ஊரின் குவிஸ்ட். பின்னாளில் ரகசியம் காக்க இதில் சில தொழிற்சாலைகள் சிறிய எழுத்துக் குறியீடுகளுக்கு மாறின. தாலேயின் குறி 'சி.கே.எல்' ஆனது. முத்திரை எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பழைய பெயின்ட் இருக்கிறதா, துரு இயல்பாகப் படிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஆசிட் ஊற்றி, மண்ணில் புதைத்து வரவழைத்த துரு எங்கும் ஒரே சீராக இருக்கும். நிஜமாகப் பயன்பட்ட ஹெல்மெட் அப்படித் தேயாது. வியர்வை பட்ட தோலுறை, தாடைப்பட்டை உரசிய இடம், கீழே வைத்த விளிம்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருக்கும்.

யு.வி. டார்ச்சும் ஹிட்லர் டைரியும்

துணிச் சாமான்களுக்குச் சேகரிப்பாளர்கள் முதலில் எடுப்பது யு.வி. டார்ச். டிஸ்கோ வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை நீலமாக மின்னுமே, அதே சமாசாரம்தான். துணி, நூல், காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனங்கள் போருக்குப் பிறகே பரவலாயின. பேட்ஜை இருட்டில் வைத்து டார்ச் அடித்தால் நூல் பளிச்சென்று மின்னுகிறதா? சந்தேகப்படலாம். ஆனால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அசல் சட்டையையே யாராவது இப்போதைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் மின்னும். அதேபோல, மின்னாத நூலில் போலி தைக்கவும் இன்று ஆள் இருக்கிறது. பிய்ந்த நூலின் நுனியில் நெருப்பு வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

இந்த ரசாயனம் உலகப் பிரசித்தி பெற்றது 1983-ல். ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' பத்திரிகை, 'ஹிட்லரின் டைரிகள்' என்று அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளைச் சுமார் 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கி, ஏப்ரல் 25 அன்று உலகத்துக்கு அறிவித்தது. இரண்டே வாரத்தில் குட்டு உடைந்தது. காகிதத்தில் இருந்த வெளுப்பு ரசாயனம் போருக்குப் பிந்தையது. பைண்டிங்கில் பாலியெஸ்டர் நூல்! அட்டையில் 'ஏ.ஹெச்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.ஹெச்' என்று இருந்தது தனி காமெடி.

எழுதியவர் கொன்ராட் கூயாவ். ஸ்டுட்கார்ட்டில் இதே மாதிரி நாஜி காலச் சாமான்களை விற்றுவந்த ஆசாமி. அவர் கையாண்ட ஒரு டெக்னிக் இன்றும் சந்தையில் உயிரோடு இருக்கிறது. முதல் உலகப் போர் காலத்து நிஜமான ஹெல்மெட் ஒன்றை எடுத்து, 'இதை ஹிட்லர் அணிந்தார்' என்று ருடால்ஃப் ஹெஸ் எழுதியதுபோல ஒரு சீட்டைத் தயாரித்துச் சேர்த்துவிட்டார். சாதாரணத் துருப்பிடித்த ஹெல்மெட், ஒரே சீட்டில் புனிதப் பொருள் ஆகிவிட்டது. டைரி விவகாரத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கையெழுத்து நிபுணர்களிடம் ஒப்பிடக் கொடுத்த 'ஹிட்லர் எழுத்து' மாதிரிகளிலேயே கூயாவ் எழுதியவை கலந்திருந்தன. போலியோடு போலியை ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்? 1985-ல் கூயாவுக்கும், டைரியை வாங்கித்தந்த நிருபர் கெர்ட் ஹைடெமானுக்கும் நாலு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதனால், 'தாத்தா நார்மண்டியில் இருந்து கொண்டுவந்தார்' என்ற கதைக்கும், லேமினேட் செய்த சர்டிஃபிகேட்டுக்கும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

பதக்கம் வாங்கும்போது...

இரும்புச் சிலுவைப் பதக்கத்தில் ஒரு சுவாரஸ்யம். மேற்கு ஜெர்மனி 1957-ல் கொண்டுவந்த சட்டம், முன்னாள் வீரர்கள் போர்ப் பதக்கங்களை அணிய அனுமதித்தது. நிபந்தனை, ஸ்வஸ்திகா இருக்கக் கூடாது. அதனால் நடுவில் ஓக் இலைகள் பொறித்த புதிய வடிவம் வந்தது. போர்க்காலத்தில் ஸ்வஸ்திகாவோடு பதக்கம் செய்த லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் - லூக் நிறுவனமே 1957 வடிவத்தையும் செய்தது. அரசு அனுமதித்த நிஜப் பதக்கம்தான், ஆனால் போர்க்காலத்துப் பதக்கம் இல்லை. இலை இருந்தால் 1957-க்குப் பிந்தையது என்று யோசிக்காமல் சொல்லலாம். இலை இல்லை என்பதற்காகப் போர்க்காலம் என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊர்க்காரர்களை இழுக்கும் பொருள் ஒன்றும் இந்தச் சந்தையில் சுற்றுகிறது. சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் உருவாக்கிய இந்தியப் படையின் கைச்சின்னம். மூவர்ணப் பின்னணியில் பாயும் புலி, மேலே 'ஃப்ரைஸ் இண்டியன்', அதாவது 'சுதந்திர இந்தியா' என்ற ஜெர்மன் வாசகம். அந்தப் படையில் இருந்தவர்களே சில ஆயிரம் பேர்தான். தப்பிப் பிழைத்த அசல் சின்னங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கடைக்காரரிடம் அரை டஜன் புத்தம்புதிதாகக் கிடைத்தால், டார்ச்கூட அடிக்க வேண்டாம், நடையைக் கட்டலாம்.