அங்கி அணியாத தொண்டர்கள்: துறவற இல்லங்களில் பணிசெய்யும் இளையோர் எந்தக் கொப்பியில் பதியப்படுகிறார்கள்?

2010 ஆம் ஆண்டு எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். இலங்கையில் இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது குடாநாட்டில் அருட்சகோதரிகள் நடத்திய ஒரு சிறுவர் இல்லத்தில் வன்னியிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். "பிள்ளை, வீட்டில சும்மாதானே இருக்கிறீர். பின்னேரத்தில வந்து உதுகளுக்குப் படிப்பிச்சு விடுமன்" என்று எங்கள் பங்கிலிருந்த சிஸ்டர் கேட்டார். பின்னேரம் என்று தொடங்கியது ஒரு மாதத்தில் முழுநாள் ஆனது. பிறகு இரவுத் தங்கலும் சேர்ந்துகொண்டது. பதினொரு மாதம் அங்கே இருந்தேன்.

விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். சிஸ்டர்மார் சிற்றாலயத்தில் செபத்தில் இருக்கும் நேரத்தில் நாங்கள் மூன்று பெண்கள் புட்டு அவிப்போம், சின்னப் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துவிடுவோம், காணாமற்போன ஒற்றைச் சப்பாத்தைத் தேடுவோம். பக்கத்துக் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிடும். கூப்பிட்டாலும் வராது. நானும் கீழே போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கும் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நீர் மடத்துக்குப் போறீரோ?" அம்மா அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனா.

சில வருடங்கள் கழித்து ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அங்கே பணிசெய்ததற்கு ஒரு கடிதம் கேட்டுப் போனேன். என்னை அறிந்த சிஸ்டர்மார் மாற்றலாகிப் போயிருந்தார்கள். புதிய பொறுப்பாளர் நல்ல மனுஷி. அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். பிள்ளைகளின் பதிவேடு இருந்தது. சகோதரிகளின் பெயர்கள் இருந்தன. சம்பளத்துக்கு நின்ற சமையற்காரம்மாவின் கணக்கு இருந்தது. விருந்தினர் குறிப்பேட்டில் வெளிநாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் வந்துபோனவர்கள்கூட இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் எதிலும் இல்லை. "உங்களை எந்தக் கொப்பியில எழுதுறது எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவர் மழுப்பவில்லை. அப்படி ஒரு கொப்பி பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதுதான் உண்மை.

துறவியும் தொண்டரும்

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பங்குகளில் பணிசெய்யும் குருக்களில் பலர் மறைமாவட்டக் குருக்கள். ஆயரின் கீழ் உள்ளவர்கள். துறவற சபைகள் வேறு. 1847 இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள், 1862 இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் ஆகியோர் இந்த வகையினர். பள்ளிக்கூடம், விடுதி, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம் என்று குடாநாட்டில் நாம் அறிந்த பல இடங்கள் இப்படியான சபைகளின் கையில் வளர்ந்தவை.

இந்த மண்ணிலேயே பிறந்த சபையும் உண்டு. பாண்டியன்தாழ்வில் பிறந்த தோமஸ் அடிகள், அமலமரித் தியாகிகள் சபைக் குரு. 1928 இல் அவர் தோலகட்டியில் தொடங்கியது செபமாலைத் தாசர் சபை. அப்போது யாழ்ப்பாண ஆயராக இருந்தவர் கியோமார் ஆண்டகை. மௌனம், கை உழைப்பு, இரவு பகலாக முறைவைத்துச் செபமாலை சொல்லுதல் என்பது அவர்களது வாழ்க்கை. சாதி பார்த்துக் கோயிலில் இருக்கை பிரித்த காலத்தில் எல்லாச் சாதி இளைஞரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரே தோட்டத்தில் கொத்தினார்கள். 1948 இல் பெண்களுக்கான சபையும் வந்தது. தோமஸ் அடிகள் 1964 இல் காலமானார். இன்று பலருக்குத் தோலகட்டி என்றால் நினைவுக்கு வருவது நெல்லிரசப் போத்தல்தான். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புவோரின் பெட்டியில் அது கட்டாயம் இருக்கும். தோலகட்டி இருக்கும் வசாவிளான் பக்கம் 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது என்பதைப் போத்தலை வாங்குகிறவர் எல்லோரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இப்படியான சபையில் சேர்வது ஒரு நாளில் முடியும் காரியமல்ல. 1983 இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி 17 வயது நிறையாத ஒருவரை நவதுறவறத்தில் சேர்க்க முடியாது. நவதுறவறம் குறைந்தது 12 மாதம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு. அது மூன்று வருடத்துக்குக் குறையாமலும் பொதுவாக ஆறு வருடத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். துறவி உழைப்பது சபைக்குச் சேரும். பதிலுக்கு அவருக்குத் தேவையானதைச் சபை கொடுக்க வேண்டும். நோயிலும் முதுமையிலும் பார்க்க ஆளிருக்கும். இடையில் விலகினால் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. ஆனாலும் நீதியோடும் அன்போடும் அவரை நடத்தவேண்டிய கடமை சபைக்கு உண்டு என்று 702 ஆம் சட்டம் சொல்கிறது. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

எங்களைப் போன்றவர்கள் அந்தப் படிகளில் எதிலும் நிற்கவில்லை. நாங்கள் பொதுநிலையினர். எங்களைப் பற்றிப் பேசுவது 231 ஆம் சட்டம். திருச்சபையின் சிறப்புப் பணிக்கு நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தம்மைக் கையளிக்கும் பொதுநிலையினர் அதற்குரிய பயிற்சியைப் பெற வேண்டும் என்கிறது அது. தம் நிலைக்கேற்ற முறையான ஊதியத்துக்கும், சமூகக் காப்புக்கும், மருத்துவ வசதிக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. சம்பளம் வேண்டாம் என்று தாமாக வருபவருக்கு இது பொருந்துமா என்று வாதிடலாம். எனக்கும் சம்பளம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பயிற்சி? பாம்பு கடித்தால் யார் பொறுப்பு என்ற தெளிவு? இவை சம்பளத்தோடு சேர்ந்து தள்ளுபடியாகிற விடயங்கள் அல்ல. இப்படி ஒரு சட்டம் இருப்பதை நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

போரின்போது நடந்தது

சமாதான காலத்தில் இது ஒரு கடிதப் பிரச்சினை. போர்க்காலத்தில் அது வேறு.

1995 ஜூலை 9. முன்னோக்கிப் பாய்தல் இராணுவ நடவடிக்கையில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்தபோது விமானங்கள் குண்டு வீசின. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அங்கே வந்து குவிந்த சனத்துக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டு நின்றவர்களும் செத்தார்கள். ஒவ்வொரு வருடமும் வரும் நினைவுநாள் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். கடமையில் இருந்து இறந்த இரண்டு கிராம சேவையாளர்களின் பெயர் வருகிறது. அவர்களுக்கு அரச பதவி இருந்தது, கோவை இருந்தது. கூட நின்ற தொண்டர்கள் ஓர் எண்ணாக மட்டுமே வருகிறார்கள்.

2006 ஓகஸ்ட் 13. அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. காயப்பட்டவர்களை யாழ்ப்பாணம் கொண்டுபோக அனுமதி கேட்டு மன்றாடியவர் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20 அன்று, மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. அன்று அவர் தனியே போகவில்லை. வின்சென்ற் விமலதாஸ் என்ற பொதுநிலையினரும் கூடவே போனார், கூடவே காணாமற்போனார். அவர் இளைஞர் அல்ல, பிள்ளைகளின் தகப்பன். உலகத்தின் மனித உரிமை அமைப்புகள் எழுதியதில் இரண்டு பெயரும் இருக்கின்றன. ஆனால் நம் பேச்சில்? "ஜிம் பிறவுண் பாதர் காணாமற்போனது" என்றுதான் நானும் வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். ஒரு முறை என் கட்டுரை ஒன்றிலும் அப்படியே எழுதினேன். வாசகர் ஒருவர் தொலைபேசியில் எடுத்து, "தங்கச்சி, மற்றவருக்கும் வீடு வாசல் இருந்தது" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

2007 செப்ரெம்பர் 26 அன்று மன்னாரில் யேசு சபை அகதிகள் பணியின் இணைப்பாளர் பாக்கியரஞ்சித் அடிகள் நிவாரணப் பொருட்களோடு போகும்போது கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகள் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. குருக்களின் பெயர்கள் நிலைப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் நிலைத்திருக்கத்தான் வேண்டும். ஆயர் இல்லத்தில் அவர்களது பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைத் தேட ஒரு நிறுவனம் இருக்கிறது. தொண்டராக நின்ற பெடியனைத் தேட அவனது தாய் மட்டும்தான். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்குப் போனாலும், காணப்படாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும் அந்தத் தாய் சொல்லவேண்டியது எங்கே, எப்போது, யாரோடு நின்றான் என்பதை. "அங்க கோயிலில உதவிக்கு நிண்டவன்" என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அது அவளது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது.

இப்போது போகிறவர்களுக்கு

இன்றும் பிள்ளைகள் போகிறார்கள். ஏ.எல். முடித்தவர்கள், பல்கலைக்கழகம் தொடங்கக் காத்திருப்பவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் கற்றதை வைத்துத்தான் இன்றும் தொழில் செய்கிறேன். அழுகிற ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை எப்போது நிறுத்த வேண்டும் என்பது உட்பட.

ஆனால் போகும்போது ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் திகதியில் தொடங்குகிறீர்கள், என்ன வேலை, யாருக்குப் பொறுப்பு, கிழமையில் எந்த நாள் உங்களுடையது என்று அரைப் பக்கம் போதும். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். கேட்டால் சிஸ்டர் என்ன நினைப்பாரோ என்று கூச்சம் வரும். எனக்கும் வந்தது, அதனால்தான் கேட்கவில்லை. பிள்ளைகளோடு பணிசெய்வதென்றால் ஒரு முறைப்பாடு வந்தால் யாரிடம் போவது என்பதையும் முதல் நாளிலேயே அறிந்துகொள்ளுங்கள். அது பிள்ளையையும் காக்கும், உங்களையும் காக்கும். இல்லத்துக்கு வெளியே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இன்னொன்று: உதவிக்குப் போவதும் துறவறத்துக்குப் போவதும் ஒன்றல்ல என்பதை இரு பக்கமும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். அழைத்தல் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. இல்லாத பிள்ளை ஒன்று, நல்ல பெயர் போய்விடும் என்ற பயத்தில் வருடக்கணக்காக இழுபடக் கூடாது. அப்படி இழுபட்ட ஒருத்தி எங்கள் மூவரில் இருந்தாள்.

நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் பிரான்சில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கிருந்து வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் கத்தோலிக்க அமைப்பு உட்பட, இப்படியான அமைப்புகளுக்கு 2005 இல் ஒரு சட்டம் வந்தது. தொண்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். சம்பளம் இல்லை, ஆனால் படிக்காசு உண்டு. சமூகக் காப்புறுதியும் உண்டு. தொண்டு தொண்டாகவே இருக்கிறது, ஆளும் எழுத்தில் இருக்கிறார். நமது இல்லங்களுக்கு அந்த அளவுக்குப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிப் பெயர் எழுதுவதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

போன வருடம் அந்தப் பழைய சிஸ்டரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று, சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். விடயத்தைச் சொன்னதும் கோடுபோட்ட தாள் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, மடியில் ஒரு செபப்புத்தகத்தை வைத்து அதன்மேல் எழுதினார். எங்கள் மூன்று பேரின் முழுப் பெயரையும் நான் சொல்லாமலே எழுதினார். தொடங்கிய மாதம் மட்டும் பிழை. நான் திருத்தச் சொல்லவில்லை. மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று சுவிசுக்குப் போனது. மற்றதைக் கொடுக்க அந்த மூன்றாவது பிள்ளையின் விலாசத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.