ஈதலும் ஏற்றலும்: வ.உ.சி. குடும்பத்தின் வறுமைக் காலம்

நமது சபைகளில் நோயுற்ற குடும்பத்தை ஆயர் எளிதில் அறிந்துகொள்கிறார். கடன்பட்ட குடும்பத்தை அறிந்துகொள்வதில்லை. மருத்துவமனையில் கிடப்பவருக்காக மன்றாடும்படி கேட்க யாரும் கூசுவதில்லை. அடகு வைத்த நகை மூழ்கிப்போனதையும், மகளிர் குழுக் கடனின் தவணை மூன்று வாரமாக நின்றுபோனதையும் சொல்லி மன்றாடக் கேட்பவர் அரியர். சங்கக் காணிக்கை நிலுவையில் நிற்கும்போது அவர்கள் முதலில் சபைக் கூட்டத்தை விடுகிறார்கள். கொடுத்தோர் பெயர் வாசிக்கப்படும் என்பதால் ஸ்தோத்திரப் பண்டிகையை விடுகிறார்கள். பின்னர் அசனப் பந்தியில் அமரவும் வெட்கப்பட்டு, ஞாயிறு ஆராதனைக்கே வராமற்போகிறார்கள். அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குறைந்தது பக்தியன்று என்பது அவ்வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் விளங்கும்.

இதைப் பற்றி வரலாற்றின் துணைகொண்டு சிந்திக்க முற்படும்போது நம் எண்ணம் தூத்துக்குடிக் கரைக்குச் செல்கிறது. வருவாயின் நிலையாமை அக்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு என்பது ஆண்டுதோறும் கிடைத்த வருமானமன்று. சிப்பி விளையாத ஆண்டுகள் தொடர்ந்து வருவதுண்டு. 1961-ஆம் ஆண்டோடு அத்தொழிலே நின்றுபோயிற்று. கடலை நம்பிய குடும்பங்களும் உப்பளத்தை நம்பிய குடும்பங்களும் ஒரு பருவத்தின் மழையாலும் காற்றாலும் கடனாளிகளாகிவிடுவதை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அறிவர். ஆயினும் அவர்கள் தம் துன்பத்தை எழுதி வைத்துப் போகவில்லை. எழுத்திலும் தம் மக்களுக்கு இட்ட பெயர்களிலும் அதனைப் பதிந்து வைத்துப் போன ஒரு குடும்பம் உண்டு. அது வ.உ. சிதம்பரம் பிள்ளையின் குடும்பம். அவரது அரசியலைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவரது வீட்டு அடுப்பைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தூத்துக்குடியில் கால்டுவெல் பள்ளியிலும் பயின்றவர். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். கைநிறையச் சம்பாதித்தார், கேட்டவர்க்குக் கொடுத்தார். 1906 அக்டோபர் 16-இல் பதிவு செய்யப்பட்ட சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் முதலீடு பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. நட்டத்தைத் தாங்குமளவுக்கு அதனிடம் பணமிருந்தது. 1908-இன் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ.உ.சி. அவ்வாண்டு மார்ச் 12-இல் கைது செய்யப்பட்டார். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை நாற்பதாண்டுகள். உயர்நீதிமன்றம் அதனை ஆறாண்டுகளாகக் குறைத்தது. அவர் சிறையிலிருந்தபோதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

தீர்ப்பைக் கேள்வியுற்ற அவரது தம்பி மீனாட்சிசுந்தரம் மனம் பேதலித்தார், பின்பு தேறவேயில்லை. பொருள் முடை பற்றிப் பேசுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஈட்டுபவர் ஒருவர் வீழும்போது அவ்வீட்டில் வீழ்வது வருமானம் மட்டுமன்று. வேறு யாரோ ஒருவருடைய உள்ளமும் சேர்ந்து நொறுங்குகிறது. மனைவி மீனாட்சியம்மாள் மக்களை வைத்துக்கொண்டு அந்த ஆண்டுகளை எவ்வாறு கடந்தார் என்பதை நூல்கள் சுருக்கமாகவே சொல்லுகின்றன. செக்கிழுத்தவரை நாடு நினைவில் வைத்தது. உலை வைத்தவரை வைக்கவில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செய்த ஒரு காரியம் இறையியல் மாணவர்களாகிய நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிறு நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் அவர் தமிழாக்கினார். விடுதலைக்குப் பின் அவ்வாசிரியரின் நூல்களை ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று தொடர்ந்து தமிழில் தந்தார். ஆலனும் வறுமையைக் கண்டவரே. தந்தையின் தொழில் நொடித்து, அவர் வேலை தேடி அமெரிக்கா சென்று அங்கே கொலையுண்டார். பதினைந்து வயது ஆலன் பள்ளியை விட்டுக் குடும்பத்துக்காக உழைக்கப் போனார். நொடித்துப்போன வீட்டின் மகன் எழுதிய நூலை, நொடித்துப்போன கம்பெனியின் தலைவர் சிறையிலிருந்து மொழிபெயர்த்தார்.

அந்நூலின் கருத்து, மனத்தில் எழும் எண்ணமே மனிதனின் வாழ்வாக உருக்கொள்கிறது என்பது. கை தோலுரியச் சணல் யந்திரம் சுற்றியவருக்கும், மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டவருக்கும், உள்ளம் ஒன்றாவது தன் ஆட்சியில் இருக்கிறது என்னும் எண்ணம் எத்தகைய ஊன்றுகோலாயிருந்திருக்கும் என்பதை நாம் உணர முடிகிறது. ஆயினும் அக்கருத்தின் மறுபக்கத்தை நாம் ஏற்க இயலாது. எண்ணமே சூழ்நிலையைப் படைக்கிறதென்றால் வறியவனுடைய வறுமைக்கும் அவனுடைய எண்ணமே காரணமாகிவிடும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாக அமர்ந்திருந்த பிறகு பேசத் தொடங்கிய பேச்சு ஏறத்தாழ இதுவே. விசுவாசமிருந்தால் செல்வம் பெருகும் என்று இன்று நம் ஊர்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப்படுவதும் இதன் உறவினமே. வ.உ.சி.யின் கப்பல்களை மூழ்கடித்தவை அவருடைய எண்ணங்களல்ல. எதிர்க் கம்பெனியின் பணமும் அரசாங்கத்தின் கையும் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. ஆலன் தம் நூலுக்குத் தலைப்பாகக் கொண்டது நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தின் ஒரு பகுதி. அவ்வசனத்தை அதற்கு முந்திய வசனத்தோடு சேர்த்து வாசித்தால், அது மன ஆற்றலைப் பற்றிய போதனையன்று என்பது தெளிவாகும். வன்கண்ணன் ஒருவன் விருந்தளிக்கிறான். உண்ணும்படி வாயினால் உபசரிக்கிறான். மனமோ கொடுக்க விரும்பவில்லை. அவன் யார் என்பதை அவன் சொல்லைக் கொண்டன்று, உள்ளத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்கிறது வேதம். அதாவது, வறியவன் தன் மனத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் வசனமன்று அது. கொடுப்பவனுடைய மனத்தைச் சோதிக்கும் வசனம். இதனை நம் சபையின் காணிக்கைப் பட்டியல்களுக்கு அருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

1912 டிசம்பர் 24-இல் கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையான வ.உ.சி.க்கு வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமை இல்லை. சென்னையில் குடியேறிச் சிறு வணிகங்கள் செய்து பார்த்தார், அவை கைகொடுக்கவில்லை. பத்து லட்சம் முதலீட்டைப் பற்றிப் பேசிய வாய் அன்றாட அரிசியைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர், குறிப்பாக வேதியப் பிள்ளை என்பவர், அனுப்பிய உதவி அக்குடும்பத்தைத் தாங்கியது.

அந்நாட்டு இந்தியர் அவருக்கென்று திரட்டிய ஒரு தொகை காந்தியடிகளிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 1915 ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோதுதான் அப்பணம் வந்துசேரவில்லை என்பது வெளிப்பட்டது. இது தொடர்பாக இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். அக்கடிதங்களில் நம் உள்ளத்தைத் தொடுவது பணத்தின் கணக்கன்று. தாம் இருக்கும் நிலையில் அப்பணம் வேண்டாம் என்று சொல்ல இயலாதென்றும், சொன்னால் அது தமக்கும் மனைவி மக்களுக்கும் இழைக்கும் தவறாகும் என்றும் வ.உ.சி. எழுதினார். கொடுத்தே பழகிய ஒருவர் இவ்வாறு எழுதுவதற்கு எத்தனை முறை எழுதுகோலை எடுத்துக் கீழே வைத்திருப்பார்! ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 1916-இன் தொடக்கத்தில், 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. தாமதத்தின் பழியை யார்மேல் ஏற்றுவது என்று ஆராய்வது நம் நோக்கமன்று. காந்தியடிகள் நேர்மையற்றவரென்று வ.உ.சி. கருதவில்லை. ஆனால் கொடுப்பவருக்கு மறந்துபோகும் தொகை, காத்திருப்பவருக்கு ஒருநாளும் மறப்பதில்லை.

வ.உ.சி. சைவர், சிவஞான போதத்துக்கு உரையெழுதியவர். அவரை நம்மவராக்கிக் காட்டும் எண்ணம் நமக்கில்லை. அவர் கற்றுத் தேர்ந்த திருக்குறளில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கரவாது கொடுப்பவரிடம் கேட்பது இழிவன்று என்று ஓரதிகாரம் சொல்ல, கேளாதிருப்பதே மேல் என்று அடுத்தது சொல்லுகிறது. வள்ளுவர் இவ்விரண்டில் ஒன்றை விலக்கிவிடவில்லை. கடன்பட்ட ஒவ்வொரு குடும்பத் தலைவரும் இரவில் படுத்திருக்கையில் இவ்விரண்டு அதிகாரங்களுக்குமிடையேதான் புரண்டுகொண்டிருக்கிறார்.

பவுலின் நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், தாழ்ந்திருக்கவும் பெருகியிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்ற கருத்தை அவர் சொல்லுவதை நம் மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதை அவர் சிறையிலிருந்து எழுதினார் என்பதையும் சொல்லுகிறோம். ஆனால் அப்பகுதி எப்பாப்பிரோதீத்துவின் கையில் வந்த பண உதவியைப் பெற்றுக்கொண்டதற்கான நன்றிச் சீட்டு என்பதை ஏனோ விட்டுவிடுகிறோம். மனநிறைவைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில், தம் துன்பத்தில் அவர்கள் பங்குகொண்டது நல்லது என்று அவர் எழுதுகிறார். கொடுக்கல் வாங்கலில் வேறெந்தச் சபையும் தம்மோடு உடன்படவில்லை என்று பெயர்சொல்லியும் குறிக்கிறார். மனவுறுதி ஒரு கையாகவும் ஏற்கும் பணிவு மறுகையாகவும் இருந்தன. வறுமையிலிருக்கும் விசுவாசிக்கு நாம் பெரும்பாலும் முதற்கையை மட்டுமே காட்டுகிறோம், பொறுமையாயிரு என்கிறோம். ஏற்பதற்கு அவன் கையை நீட்டக்கூடிய இடமாக நம் சபை இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

வ.உ.சி. இரண்டாம் கையை மறைக்கவில்லை என்பதற்கு அவருடைய பிள்ளைகளின் பெயர்களே சான்று. கோயம்புத்தூர்ச் சிறையிலிருந்தபோது துணைநின்ற வழக்கறிஞர், பெரியபுராண உரையாசிரியராகிய சி.கே. சுப்பிரமணிய முதலியார், அவர் நினைவாக ஒரு மகனுக்குச் சுப்பிரமணியம் என்று பெயரிட்டார். வேதியப் பிள்ளையின் நினைவாக ஒரு மகள் வேதவல்லி ஆனாள். வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற உதவியவர் ஈ.எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. தம்மைச் சிறைக்கனுப்பிய அதே ஆட்சியின் அலுவலர்! அவர் பெயரால் இன்னொரு மகன் வாலேஸ்வரன் ஆனான். சைவ வீட்டில் ஆங்கிலப் பெயருக்கு ஈசுவரனைச் சேர்த்து வைத்த அந்த நயம் நம்மைப் புன்னகைக்கச் செய்கிறது. லேயாள் தன் புதல்வர் ஒவ்வொருவருக்கும் தான் பட்டதையும் பெற்றதையும் பெயராக வைத்ததை ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். வாங்கிய உதவியை மறைக்க விரும்புகிறவர் அதை நாள்தோறும் பலமுறை உரக்கக் கூப்பிடும் பெயராக வைக்கமாட்டார். அவ்வீட்டுப் பிள்ளைகள் தம் பெயருக்குக் காரணம் கேட்டபோதெல்லாம், தம் குடும்பம் வறுமையில் கிடந்ததையும் ஒருவர் வந்து தாங்கியதையும் ஒருசேரக் கேட்டிருப்பார்கள். வெட்கத்தை அவர் இவ்வாறு கடந்தார் என்று நாம் கருதுகிறோம். 1935-இல் அவர் வெளியிட்ட அறத்துப்பால் உரையில் செய்ந்நன்றியறிதலும் ஓரதிகாரம். அதற்கான உரையை அவர் வீட்டிலேயே முன்னர் எழுதிவிட்டார் எனலாம்.

இதனால் வறுமை நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமை திரும்பிய பின் கோவில்பட்டியில் தொழில் செய்தார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். பழைய வருமானம் திரும்பவில்லை. அதற்கிடையிலும் பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதையும் உரையெழுதுவதையும் அவர் விடவில்லை. வருவாய் தராத அவ்வேலை வீட்டாருக்குச் சுமையாகவும் இருந்திருக்கலாம்; அவருக்கோ அது மூச்சு விடும் இடமாயிருந்தது. 1936 நவம்பர் 18-இல் அவர் காலமானார்.

2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அத்துறையிலிருந்து ஒரு காலத்தில் இரு கப்பல்களை ஓட்டியவர் இறுதி நாட்களில் எழுதுவித்த உயிலில், தாம் கொடுக்க வேண்டிய கடன்களைக் குறித்திருக்கிறார். எண்ணெய்க் கடை பாக்கி, ஜவுளிக் கடை பாக்கி, வீட்டு வாடகை ஆகியவை அதில் உள்ளன. யாருக்கு எவ்வளவு என்பதும் ஒவ்வொன்றாக அதில் எழுதப்பட்டுள்ளது.