பனியைத் தீட்டிய கைகள்

மரப்பலகையில் மலையைச் செதுக்கலாம், மாளிகையைச் செதுக்கலாம். காலைப் பனியைச் செதுக்க எந்த உளியாலும் இயலாது. ஆயினும் ஜப்பானியரின் மர அச்சுப் படங்களில் பனியும் மழையும் நிலவொளியும் தவழக் காண்கிறோம். இஃது எவ்வாறு இயன்றது?

இக்கலை வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய நால்வரின் கூட்டுத் தொழிலாகவே வளர்ந்தது. அச்சிடுபவர் ஈரப் பலகையின் ஒருபுறம் சாயத்தை அடர்த்தியாகவும் மறுபுறம் மெலிதாகவும் தூரிகையால் பரப்புவார். அதன்மேல் தாளை இட்டுத் தேய்ப்பார். வானம் மேலே கறுத்துக் கீழே வெளுப்பது இக்கைத்திறத்தால்தான். ஹிரோஷிகே (1797–1858) வரைந்த மழைக்காட்சிகளில் ஓவியர் பெயர் உண்டு. வெளியிட்டவர் முத்திரையும் உண்டு. மழையைத் தாளில் இறக்கிய அச்சுத் தொழிலாளியின் பெயரோ பெரும்பாலும் இல்லை.

அம்மரபின் பிற்கால ஓவியர் ஹிரோஷி யோஷிதா (1876–1950). 1926இல் ஒரே பாய்மரப் படகுக் காட்சியைக் காலை, மாலை, பனி, இரவு என ஆறு பொழுதுகளாக அவர் வெளியிட்டார். பலகைகள் மாறவில்லை, சாயமே மாறிற்று. 1930ஆம் ஆண்டின் இறுதியில் தம் மைந்தர் தோஷியுடன் இந்தியப் பயணம் புறப்பட்ட அவர், பின்னர் மதுரைக் கோயிலையும் டில்லி ஜாமிஆ மஸ்ஜிதையும் பதேபூர் சிக்ரியையும் அச்சுப் படங்களாக்கினார். தாஜ்மஹாலைப் பனிக்காலையிலும் இரவிலும் காட்டினார்.

யோஷிதாவின் தேர்ந்த படங்களின் ஓரத்தில் ‘தாமே அச்சிட்டது’ என்னும் பொருளுடைய முத்திரை உண்டு. அவரது நேர்பார்வையில் உருவானது என்பதே அதன் கருத்து. பட்டறையில் உழைத்த கைவினைஞரை அம்முத்திரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

அயலாரை மட்டும் குறை கூறுவானேன்? எங்கள் உத்திரமேரூரில் குடவோலை முறையை உரைக்கும் கல்வெட்டுகளால் (919, 921) முதலாம் பராந்தகனின் புகழ் நிலைத்தது. அவ்வெழுத்துகளைக் கல்லில் வெட்டிய கைகளைத் தேடியவர் நம்மில் எத்தனை பேர்? தாஜ்மஹாலில் திருமறை வசனங்களை எழுத்தோவியமாக்கிய அமானத் கான் தம் பெயரை அங்கேயே பொறித்துச் சென்றார். கல் சுமந்தோர்க்கும் இழைத்தோர்க்கும் அப்பேறு எளிதில் வாய்க்கவில்லை.

அழகை வியப்பது எளிது. அதை ஆக்கிய உழைப்பை அறிந்து மதிப்பதே நன்றியுடைமை. வரலாறு கற்பாரின் முதற்கடனும் அதுவே.