பூகா வெந்நீரூற்றுகளும் வெண்காரமும்

இலடாக்கில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள பூகா பள்ளத்தாக்கு, இந்தியாவின் முதன்மையான புவிவெப்பப் பகுதிகளுள் ஒன்று. இந்திய நிலத்தட்டும் ஆசிய நிலத்தட்டும் மோதி இணைந்த கோட்டை ஒட்டி இது அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் சுமார் 85 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது.

ஆழத்தில் சூடேறிய நீர் பாறையிலுள்ள கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஆறும்போது சிலிக்கா படிகிறது. கரியமில வாயு வெளியேறும்போது சுண்ணப் படிவு உண்டாகிறது. பீறிட்டுப் பாயும் ஊற்றுகளுக்குச் சிலிக்காப் படிவு இன்றியமையாதது. குழாயின் உட்சுவரில் அது பூச்சுப்போல் இறுகி, அழுத்தத்தைத் தாங்குகிறது. ஐசுலாந்தின் கெய்சிர் ஊற்றை 1846-இல் ஆராய்ந்த செருமானிய வேதியியலாளர் இராபர்ட் புன்சன், குழாயின் அடியில் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் நீர் சற்று மேலெழும்போது திடீரென ஆவியாவதே பீறிடலுக்குக் காரணம் என விளக்கினார்.

வெண்காரத்தின் கதை வேறு. அது நீரில் எளிதில் கரைவதால் ஊற்றின் வாயில் படியாது. நீர் பரந்து வறண்ட காற்றில் காய்ந்த பிறகே தரையில் வெள்ளைப் பொருக்காகப் பூக்கும். சுரண்டி எடுத்தாலும் மீண்டும் பூக்கும். பொற்கொல்லர் நகை பற்றவைக்கவும் சித்த மருத்துவத்திலும் பயன்படும் சரக்கு இதுவே. 1847-இல் பூகா வந்த தாமசு தாம்சன் இதையும் இங்குள்ள கந்தகத்தையும் பதிவு செய்துள்ளார். ஆடுகளின் முதுகில் ஏற்றிக் கணவாய்கள் வழியே தெற்கே கொண்டு செல்லப்பட்டது.

இமயமலை வெண்காரத்தின் ஐரோப்பியச் சந்தையைக் கெடுத்ததும் ஒரு புவிவெப்பப் பகுதிதான் என்பது வேடிக்கை. இத்தாலியின் தசுக்கனியில் 1818 முதல் நிலத்தடி நீராவியோடு வரும் போரிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளும் போட்டிக்கு வந்தன. அதே தசுக்கனியில், இலார்தெரெல்லோ என்னும் ஊரில், 1904-இல் நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகள் எரிக்கப்பட்டன.

பூகாவில் அந்த முயற்சி மிகத் தாமதமாகவே தொடங்கியது. இந்திய அரசு 1966-இல் வெந்நீரூற்றுக் குழுவை அமைத்தது. 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 34 துளைகள் இட்டது. மிக ஆழமானது சுமார் 385 மீட்டர். அதன்பின் நெடுங்காலம் பேச்சு மட்டுமே. 2021 பிப்ரவரியில் ஒரு மெகாவாட் மின்நிலையத்திற்கு ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தமிட்டது. 2022-இல் துளையிட்டபோது வெந்நீர் பீறிட்டுப் பூகா ஓடையில் கலந்ததால் பணி நிறுத்தப்பட்டது. அந்த ஓடையை ஒட்டிய ஈரநிலத்தில்தான் கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டுகின்றன.