முன்சீப் மாறினால் கணக்கு மாறலாமா?

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1878-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீட்டை அரசாங்கத்தார் நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். இதெல்லாம் தமிழர்களுக்குத் தெரிந்த விஷயம். ராஜாஜியின் தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப் என்பது மட்டும் அநேகருக்கு நினைவிருக்காது. நான் எழுத உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டரைப் பற்றி. ஆனால் அதற்கு எனக்கு உதவப் போவது மகனுடைய கவர்னர் ஜெனரல் பதவி அல்ல. தகப்பனாருடைய முன்சீப் உத்தியோகந்தான்.

கிராம முன்சீப் என்பவர் யார்? சர்க்காருக்கும் குடிமக்களுக்கும் நடுவில் நின்றவர். குடியானவன் கலெக்டரிடம் நேரே போக முடியாது. வரி கட்டுவதானாலும், வாய்க்கால் தகராறானாலும் முன்சீப்பிடம் வர வேண்டும். முன்சீப் தலையாரியைக் கூப்பிடுவார், கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவார், காரியம் நடக்கும். கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு முன்சீப் உண்டு. அவருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். கடிதம் எழுதும் புரோகிராமும், கணக்குப் போடும் புரோகிராமும் குடிமக்களைப் போல. 'இதை அச்சடிக்க வேண்டும்', 'இதைத் தட்டில் பத்திரப்படுத்த வேண்டும்' என்று அவை முன்சீப்பிடம் மனுக் கொடுக்கின்றன. அச்சு யந்திரத்துக்கும் தட்டுக்கும் ஆளனுப்பிக் காரியத்தை முடித்து வைப்பவர் அவர்.

ஆகவே, முன்சீப் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி வருகிறது. பழைய முன்சீப்புக்கு இந்தக் குடியானவனுடைய பேச்சு பழக்கம். புது முன்சீப் மனுவை வேறு காகிதத்தில், வேறு வாசகத்தில் எழுதி வரச் சொல்கிறார். வாசலையும் மாற்றி வைத்துவிட்டார். பழைய குடியானவன் பழைய வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டேயிருக்கிறான்; பதில் வரவில்லை. நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்றைக்கு ஓடவில்லை என்று நாம் தலையில் கை வைத்துக்கொள்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

தமிழ்நாடு இத்தகைய மாற்றங்களைக் கண்டறியாத நாடல்ல. ராஜாஜி காலத்தில் அச்சான புத்தகங்களைப் பாருங்கள். ணை, லை, ளை, னை என்ற எழுத்துக்கள் யானைத் துதிக்கையைப் போல் ஒரு கொம்புடன் நிற்கும். ணா, றா, னா ஆகியவை வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். ராஜாஜியின் அரசியல் எதிரியும் ஆப்த நண்பருமான பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிட்டார். 1978-ல் அரசாங்கமே உத்தரவு போட்டு, பதின்மூன்று எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. அதனால் பழைய புத்தகங்கள் பாழாய்ப் போயினவா? இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் கூடப் பழைய புத்தகம் ஒன்றைக் கையிலெடுத்தால், இரண்டு பக்கம் தடுமாறுவாள். மூன்றாவது பக்கத்தில் சரளமாகப் படிப்பாள். இரண்டு வருஷம் கழித்து, 1980-ல், முன்சீப், கர்ணம் ஆகிய பதவிகளே ஒழிக்கப்பட்டன. பின்னால் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதவிதான் போயிற்று. சிட்டாவும் அடங்கலும் போய்விடவில்லை.

கம்ப்யூட்டர் உலகத்தில் தமிழுக்கு நேர்ந்த கதை வேறு.

1980-களிலும் 1990-களிலும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத விரும்பியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். யந்திரத்துக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும். சரி, இங்கிலீஷ் எழுத்து என்றே அது நினைத்துக்கொள்ளட்டும். திரையில் தெரியும் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றிவிடுவோம் என்றார்கள். இலங்கைத் தமிழர்களிடையே மிகவும் புழங்கிய 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், யந்திரத்தின் வயிற்றுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் வரையில் தமிழ். அதை எடுத்துவிட்டால் பிதற்றல். அதோடு ஒவ்வொரு கம்பெனியாரும் தத்தமக்கென்று வேறு வேறு வரிசை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுத் தமிழ் இன்னொருவர் வீட்டில் செல்லாது.

அந்த வருஷங்களில் ஓசூரில் டி.டி.பி. கடைக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் எல்லைப் பிரதேசம். தமிழில் கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்று ஒருவர் வருவார். கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர். மூன்று பாஷைக்கும் மூன்று வகை எழுத்துரு. எல்லைக்கு அப்பால் கன்னடக்காரர்களுக்கும் இதே தொல்லைதான்.

மேலும், அந்நாளில் இந்திய மொழி மென்பொருள்கள் பலவற்றுக்கு 'டாங்கிள்' என்று ஒரு சின்னப் பூட்டு உண்டு. அதைக் கம்ப்யூட்டரின் பின்னால், அச்சு யந்திரத்தின் கம்பி சேருமிடத்தில் மாட்டினால்தான் மென்பொருள் கண் விழிக்கும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்தத் துவாரத்தையே எடுத்துவிட்டார்கள். சாவி இருக்கிறது, சாவித் துவாரம் இல்லை! பழைய 'விண்டோஸ் 3.1' காலத்தில் எழுதிய புரோகிராம்கள் 16 பிட் ஜாதி; இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை வாசற்படி ஏறவே விடாது. புத்தகம் கோக்கப் பயன்பட்ட 'பேஜ்மேக்கர்' 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. 'டைப் 1' என்ற வகை எழுத்துருக்களுக்கு அடோபி கம்பெனியார் 2023 ஜனவரியில் விடை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் யந்திரம் முன்னேறியது; நம் எழுத்து ஒரு படி பின்னால் நின்றது.

என்னுடைய முதல் நாவலை 2003-ல் இப்படி ஒரு கடையில்தான் கோத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபதிப்புக்காகப் பதிப்பாளர் அந்தக் குறுந்தகட்டைப் போட்டுப் பார்த்தார். கதாநாயகி பேசுகிற இடமெல்லாம் கேள்விக்குறியும் டாலர் சின்னமுமாக இருந்தது. கடைசியில் அச்சான புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு பெண்மணி முதலிலிருந்து முழுவதையும் தட்டச்சு செய்தார். காப்பாற்றியது காகிதம். புத்தகமாக வந்த நாவலுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. அச்சேறாத கடிதங்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் மலர்களுக்கும், யாரோ ஒரு வாத்தியார் சேகரித்து வைத்த நாட்டுப் பாடல்களுக்கும் அந்தப் பாக்கியம் ஏது?

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1086-ல் ஒரு ராஜா தம் தேசத்து நிலங்களையெல்லாம் கணக்கெடுத்துத் தோலில் எழுதி வைத்தார். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவுக்காக 1986-ல் பி.பி.சி. ஸ்தாபனத்தார் ஒரு புதிய கணக்கெடுப்பு நடத்தி, அதை லேசர் தட்டுக்களில் பதித்தார்கள். பதினைந்து வருஷம் சென்றது. தோலில் எழுதிய கணக்கைப் படிக்க முடிந்தது. லேசர் தட்டைப் படிக்கும் யந்திரங்களோ அருகிப் போய்விட்டன. ஆராய்ச்சியாளர்கள் பழைய யந்திரத்தைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராமை எழுதித்தான் அதை மீட்டார்கள்.

இனி வேகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். புது முன்சீப் தனியாக வருவதில்லை, பரிவாரத்தோடு வருகிறார். 1995-ல் வந்த 'விண்டோஸ் 95' குடியிருக்கக் குறைந்தபட்சம் 4 மெகாபைட் நினைவகம் போதும் என்றார்கள். 2001-ல் வந்த எக்ஸ்பி 64 கேட்டது. 2007-ல் விஸ்டா 512 கேட்டது. 2021-ல் வந்த 'விண்டோஸ் 11' கேட்பது 4 ஜிகாபைட். அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல்! யந்திரம் வேகமாவதைக் காட்டிலும் சீக்கிரமாக மென்பொருள் மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் 1995-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தார். பழைய கம்ப்யூட்டரில் புதிய சிஸ்டத்தைக் குடியேற்றியவர்கள், பெட்டியைத் திறந்து காப்பி குடித்துவிட்டு வந்தால்தான் முகப்புத் தெரியும் என்று நொந்துகொள்வது நியாயமே.

ஆனால் நியாயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அந்தப் பரிவாரத்தில் வெறும் அலங்காரக்காரர்கள் மட்டும் இல்லை. திருடர்களைத் தடுக்கும் காவற்காரர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, தமிழ் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்! 'கொ' என்று எழுதினால் ஒரு குறி க-வுக்கு முன்னால் போக வேண்டும், இன்னொன்று பின்னால் வர வேண்டும். இதை ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கிட்டுப் படம் வரைவது ஒரு வேலை. பழைய தந்திரத்தில் யந்திரம் இந்த வேலையைச் செய்யவில்லை. அதற்குத் தமிழே தெரியாது. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் 'யூனிகோட்' ஏற்பாடு 1991-ல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 2000-ஆம் வருஷத்து விண்டோஸில்தான் அந்த முறைத் தமிழ் வீட்டுக்குள் வந்தது. எக்ஸ்பியில் கூட அதைத் தனியாகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. விஸ்டாவில் தானாகவே விழித்திருந்தது. ஆகவே நமக்குப் பழைய கடிதத்தைப் பறித்த அதே மாற்றந்தான், தமிழைத் தமிழாகவே யந்திரத்துக்குள் குடிவைத்தது. மாற்றத்தை முழுவதும் சபிப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

சபிக்க வேண்டியது வேறொன்றை. கணக்கை ஒப்படைக்காமல் முன்சீப் மாறுவதைத்தான்.

ஒப்படைக்கும் வேலையைத் தமிழர்கள் செய்யாமலுமில்லை. 1997-ல் சிங்கப்பூரிலும், 1999-ல் சென்னையிலும் அறிஞர்கள் கூடி, ஆளுக்கொரு வரிசை வைத்திருந்த கொடுமைக்கு முடிவு தேடினார்கள். சென்னை மாநாட்டை அடுத்து 'டாம்', 'டாப்' என்ற பொது வரிசைகளையும் ஒரு பொது விசைப்பலகையையும் அரசாங்கம் ஏற்றது. உலகத்தின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் இணையத்தில் விவாதித்து 'திஸ்கி' என்ற வரிசையை உண்டாக்கினார்கள். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடையும், அதனோடு 'டேஸ் 16' என்பதையும் தமிழ்நாடு அரசு அங்கீகரித்தது.

உத்தரவு போட்டால் பழைய கோப்புத் தானாகப் புதிய கோப்பாகிவிடாது. யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இதற்கு நல்ல சாட்சி. பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்கள் கூலியில்லாமல் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். திஸ்கி காலம் போய் யூனிகோட் காலம் வந்தபோது, அந்த நூல்களைப் புதிய முறைக்கு மாற்றி மறுபடியும் ஏற்றினார்கள். பழைய எழுத்துருவைப் புதியதாக்கும் மாற்றிகளைச் சிலர் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். நாளைக்கு நம் பேரக் குழந்தைகள் கம்ப்யூட்டரில் சங்கப் பாட்டைத் தேடிப் படிப்பார்களானால், அந்தப் புண்ணியம் சிஸ்டம் விற்ற கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. இப்படிச் சுமந்து வந்தவர்களுக்கும் உரியது.

இந்தச் சங்கடம் எழுத்தாளர்களோடு நிற்கவில்லை. ஓசூரில் பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கடைசல் யந்திரம் இருபது, முப்பது வருஷம் உழைக்கும். அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரின் சிஸ்டத்துக்கு ஆயுள் பத்து, பன்னிரண்டு வருஷம். எருதுக்கு வயது அதிகம், ஓட்டுகிறவனுக்கு வயது குறைவு! எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. அப்போது தமிழ்நாடு அரசு தன் இலாகாக்களை 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸுக்கு மாறும்படி யோசனை சொன்னது. 'விண்டோஸ் 10'-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. 'விண்டோஸ் 11' புதிய பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அதனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பட்டறைக்காரர் என்ன செய்வார்? பழைய சிஸ்டத்தையே வைத்துக்கொண்டு, திருடர் பயத்தால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுவது ஒரு வழி. அதுவும் ஒரு வைத்தியந்தான். ஆனால் நோயாளியை வீட்டை விட்டு வெளியே விடக் கூடாத வைத்தியம்.

சரித்திரத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் புத்தி சுருக்கமானது. யந்திரத்தை மாற்றுங்கள், சிஸ்டத்தை மாற்றுங்கள். மாறாமல் இருக்க முடியாது. மாற்றுவதற்கு முதல் நாள், எழுதியதையெல்லாம் எல்லோருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒரு கம்பெனிக்கு மட்டும் புரிகிற பெட்டியில் உங்கள் வார்த்தையைப் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் 2000-ஆம் வருஷத்து நெகிழ்தட்டோ, குறுந்தகடோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்குங்கள். அவற்றைப் படிக்கக்கூடிய யந்திரமும், அந்த எழுத்துருவின் பெயர் ஞாபகமுள்ள மனிதரும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் இருப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.