சவரத் தூரிகை: உரோமமா, நைலோனா?

சவரத் தூரிகை வாங்கச் செல்பவர் முன்னால் இன்று கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைப்பார். ஒன்று விலங்கின் உரோமத்தால் ஆனது. மற்றது செயற்கை இழையால் ஆனது. உரோமத்திலும் பன்றி, குதிரை, பேட்ஜர் எனப்படும் வளைக்கரடி என்று தரம் ஏற ஏற விலையும் ஏறும். எதை வாங்குவது என்பது அவரவர் கன்னத்தையும் சட்டைப்பையையும் பொறுத்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், இந்தத் தெரிவைப் பெரும்பாலும் போரும் நோயும் வணிகத் தடைகளுமே செய்திருக்கின்றன என்பது புலனாகும். பொகவந்தலாவையை முன்வைத்து அந்த வரலாற்றைச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். மறு ஆண்டு மறைந்த கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அருகிலேயே உறங்குகிறார். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் பெயரில் வரும் கமரன் இவர்தான். இந்த அம்மையாரின் கருவி பதிவு செய்த ஆண் முகங்களை நினைத்துப் பாருங்கள்: கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின், சொந்தக் கணவர் என எல்லாம் தாடி முகங்கள். 1850களின் கிரைமியப் போருக்குப் பின் பிரித்தானிய ஆண்களிடையே தாடி ஒரு பெருவழக்காயிற்று. கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட இந்த மலைகளுக்கு வந்த துரைமாரின் தலைமுறையும் அந்தத் தாடிக் காலத்தைச் சேர்ந்ததே.

அந்த வழக்கை மாற்றியவை இரண்டு. 1903இல் ஜில்லெட் நிறுவனம் மாற்றக்கூடிய அலகுடன் கூடிய சவரக்கத்தியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாவிதரின் கைத்திறன் இல்லாமலே ஒருவர் தமக்குத் தாமே மழித்துக்கொள்ள அது வழி செய்தது. அடுத்தது 1914இல் மூண்ட முதலாம் உலகப் போர். இலங்கைத் தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்ட துப்பாக்கிப் படையின் ஓர் அணியும் அந்த ஆண்டே எகிப்துக்குக் கப்பலேறியது. போர்முனையில் நச்சுப் புகை வந்தது. அதைத் தடுக்கும் முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க, மழித்த முகம் வேண்டியிருந்தது. அதுவரை படைவீரர் மீசை வைத்தே ஆகவேண்டும் என்றிருந்த விதியையும் பிரித்தானிய இராணுவம் 1916இல் நீக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியபோது தன் படைவீரருக்காக 35 இலட்சம் சவரக்கத்திகளை வாங்கியது. கத்தி கொடுத்தால் தூரிகையும் கொடுக்க வேண்டுமல்லவா? இங்கேதான் வினை தொடங்கியது.

தூரிகையின் பணி எளியது. நீரைப் பிடித்துவைத்துச் சவர்க்காரத்தை நுரையாக்கி, முகமயிரை நிமிர்த்தி நனைக்க வேண்டும். இதில் வளைக்கரடியின் உரோமத்துக்கு நிகரில்லை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. நுனியில் இயற்கையாகவே மெலிந்து, நீரை நிறையப் பிடித்துவைக்கும். பன்றி மயிர் தடித்தது. பயன்படுத்துமுன் சிறிது நேரம் நீரில் ஊறவிட வேண்டும். நாளடைவில் நுனி பிளந்து மென்மையாகும். குதிரை மயிர் இரண்டுக்கும் இடைப்பட்டது. தாவர நாரும் தூரிகைத் தொழிலுக்குப் பயன்பட்டதுண்டு. இலங்கையின் கித்துள் மர நாரே தூரிகைக்கென இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. ஆனால் அது பொறிகளையும் பீப்பாய்களையும் தேய்க்க உதவுமேயன்றி முகத்துக்கு உதவாது.

போருக்கு முன் ரஷ்யாவிலிருந்து வந்த உரோமம் ஜெர்மனியிலும் பிரான்சிலும் கிருமி நீக்கப்பட்ட பின்னரே தூரிகைத் தொழிற்சாலைகளை அடைந்தது. போர் அந்தப் பாதையை அடைத்தது. வளைக்கரடி உரோமம் அரிதாயிற்று. சைபீரியா, சீனா, ஜப்பான் ஆகிய இடங்களிலிருந்து வந்த குதிரை மயிரை வெளுத்துச் சாயமேற்றி, வளைக்கரடி உரோமம் போலவே காட்டி விற்கத் தொடங்கினர். கிருமி நீக்கம் இடையில் விடுபட்டது. விளைவு, அந்த்ராக்ஸ். நம் ஊர்களில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்று சொல்லப்படும் நோய்தான் அது. 2001இல் அமெரிக்காவில் கடித உறைகளில் வைத்து அனுப்பப்பட்டதும் இதே கிருமிதான். இதன் வித்திகள் மண்ணிலும் தோலிலும் உரோமத்திலும் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். புதுத் தூரிகையை நனைத்து முகத்தில் தேய்க்கும்போது, கத்தி கீறிய சிறு காயம் வழியே அவை உட்புகும். கன்னத்திலோ கழுத்திலோ ஒரு கொப்புளம் எழும். அது கறுத்துப் பொருக்காகும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பொதுமக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றனர். உயிரிழந்தவர்களும் உண்டு.

பிரித்தானியா 1919இல் அந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று தூரிகையின் பிடியிலேயே முத்திரை பொறித்து விற்றன. பழம்பொருள் கடைகளில் அத்தகைய பிடிகளை இன்றும் காணலாம். அழகுக்குப் பொறித்த முத்திரையன்று அது. அச்சத்தின் நினைவுச் சின்னம்.

செயற்கை இழையைக் கொண்டுவந்ததும் ஒருவகையில் போரும் வேதியியலும் சேர்ந்துதான். 1938இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் நைலோனை வெளியிட்டபோது அதிலிருந்து முதலில் சந்தைக்கு வந்த பொருள் காலுறை அன்று, பற்தூரிகையின் இழை. அதுவரை பற்தூரிகைக்கும் சீனப் பன்றி மயிரே மூலப்பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சீனத் துறைமுகங்களை அடைத்தபோது பன்றி மயிர் போர்த் தளபாடத்துக்குச் சமமான பொருளாயிற்று. இமயமலைக்கு மேலாகப் பறந்த விமானங்கள் சீனாவிலிருந்து திரும்புகையில் ஏற்றிவந்த சரக்குகளில் அதுவும் ஒன்று. ஆயினும் தொடக்கக் கால நைலோன் தூரிகை முகத்துக்கு இதமாக இருக்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிப்பு. நீர் நில்லாமல் வழிந்துவிடும். அதனால் ‘மலிவுச் சரக்கு’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நுனி மெலிந்த இழைகள் பின்னர் வந்து அக்குறையைப் பெரிதும் போக்கிவிட்டன. பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் இம்மலைகளுக்கு வந்தபோது சாதி அமைப்பும் கூடவே வந்தது. சலவைத் தொழிலாளியும் நாவிதரும் தோட்டத்தின் அங்கமாயினர். தொழிலாளியின் சம்பளத்தில் கோயிலுக்கும் சலவைக்கும் நாவிதருக்கும் என்று கழிவுகள் செய்யப்பட்டன. துரைக்குப் பங்களாவில் சொந்தத் தூரிகை. லயத்து மனிதருக்கு எல்லோருக்கும் பொதுவான ஒன்று. செய்தி சேகரிக்க ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் சென்ற நாட்களில், பல சலூன்களில் நான் கண்டதும் அதுவே: ஒரு கிண்ணம், ஒரு படிகாரக் கல், காலை முதல் மாலை வரை ஒரே தூரிகை. அந்தத் தூரிகை எந்த உரோமம் என்று நாற்காலியில் அமர்ந்தவர் கேட்டதில்லை. கேட்கும் நிலையில் அவர் இருக்கவுமில்லை. குறைந்த வருவாயில் அத்தொழிலைச் செய்தவரைக் குற்றஞ்சாட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு தூரிகை வாங்கும் வசதியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

சமயமும் இதில் உண்டு. இந்தியாவில் கான்பூர் நெடுங்காலமாகப் பன்றி மயிர் வணிகத்துக்குப் பெயர் பெற்ற நகரம். மலிவான இயற்கைத் தூரிகை என்றால் அது பெரும்பாலும் பன்றி மயிர்தான். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்கிறார்கள். தம் முகத்தில் படுவது என்னவென்று அறியும் உரிமை முஸ்லிம் அன்பருக்கு உண்டு. சைவ உணவு நெறியைக் கடைப்பிடிப்பவருக்கும் உண்டு. வளைக்கரடியின் கதையும் மகிழ்ச்சி தருவதன்று. பிரித்தானியாவில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்த விலங்கின் உரோமம் இன்று சீனாவிலிருந்தே வருகிறது. அங்குள்ள பண்ணைகளின் கொடுமையை 2018இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளிப்படுத்திய பின் சில நிறுவனங்கள் அதை விற்பதை நிறுத்தின.

உரோமத் தூரிகையின் சுகத்தை நான் மறுக்கவில்லை. நன்கு பதப்படுத்திய வளைக்கரடித் தூரிகை தரும் வெதுவெதுப்பான நுரைக்கு ஈடு சொல்வது கடினம். முறையாகக் கிருமி நீக்கிய புதுத் தூரிகையைக் கண்டு அந்த்ராக்ஸ் என்று இன்று அஞ்ச வேண்டியதுமில்லை. ஆனால் உரோமம் நீரை உள்ளிழுக்கும், மெல்ல உலரும். நாலாயிரம் அடிக்கு மேல், தென்மேற்குப் பருவக்காற்றின் மழையிலும் மூடுபனியிலும் துவைத்த துணியே நாட்கணக்கில் காயாத பொகவந்தலாவையில், ஈரத்தோடு கிடக்கும் உரோமத் தூரிகை நாற்றமெடுப்பதும் பூஞ்சணம் பிடிப்பதும் இயல்பு. செயற்கை இழை நீரை உறிஞ்சுவதில்லை. இழைகளுக்கிடையே மட்டும் பிடித்துவைக்கும். நன்றாக உதறித் தொங்கவிட்டால் விரைவில் காய்ந்துவிடும். கிருமிநாசினியில் கழுவினாலும் உரோமத்தைப் போல எளிதில் கெடாது.

ஆகவே இந்த மலைகளில் வாழ்பவர்களுக்கு நான் சொல்வது செயற்கை இழைத் தூரிகையையே. சலூன் நடத்துபவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன்: ஒருவர் முகத்தில் பட்ட தூரிகையைக் கழுவிக் கிருமி நீக்காமல் அடுத்தவர் முகத்தில் வைக்காதீர்கள். கழுவ நேரமில்லையென்றால் தூரிகையே வேண்டாம். சுத்தமான விரலால் கிறீமைப் பூசினாலும் முகம் மழியும். போர்முனை வீரன் தன் கையில் இருந்த தூரிகை எங்கிருந்து வந்தது என்று அறியாமலே நோயுற்றான். நாற்காலியில் அமரும் தோட்டத் தொழிலாளி அதைக் கேட்டறிய வேண்டும். கேட்டால் சலூன்காரர் கோபிக்கவும் கூடாது.